கீறல் விழாத ஹெல்மெட்

பிப்ரவரி 9

என் ரேடியோவுக்கு,

முதலில் கையெழுத்துக்கு மன்னித்துவிடு. சில எழுத்துகள் கோட்டின் மேல் நிற்கின்றன, சில கீழே தொங்குகின்றன. ‘ழ’ எழுதப் போனால் பேனா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும்போது பக்கத்து எழுத்தை இடித்துவிடுகிறது. இந்தக் கடிதத்துக்கு நான்கு காலை ஆனது. ஆனால் இதை நான்தான் எழுதினேன். “யாரைப் பிடிச்சு எழுத வெச்சீங்க?” என்று நீ கேட்பாய். யாரையும் பிடிக்கவில்லை. மகளிடம் காட்டு. இப்படி எழுதுவதற்கு யாராவது ஆள் வைப்பார்களா என்று அவளே சொல்வாள்.

செப்டம்பரில் நீ மகள் வீட்டுக்குப் போன வாரமே நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். காலை ஏழிலிருந்து எட்டு மணி வரை. உன்னிடம் சொல்லவில்லை. படிப்பு ஏறாமல் போனால் அறுபத்தெட்டு வயதில் இன்னொரு வெட்கம் எதற்கு?

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் உன் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தபோது ஒரு சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தாய். தண்ணீர் கேட்கிறாயா, வலிக்கிறது என்கிறாயா, என்னைத் திட்டுகிறாயா, ஒன்றும் தெரியவில்லை. நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். அவர் படித்துவிட்டு என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார். “சட்டை பட்டனைத் தப்பா போட்டிருக்கீங்களாம் ஐயா.” உன் வாய்க்குப் பூட்டுப் போட்ட நேரத்திலும் நீ என்னிடம் பேசியிருக்கிறாய். அதைக் கேட்க எனக்கு இன்னொருவர் தேவைப்பட்டார்.

இப்போது எதைப் பார்த்தாலும் படிக்கிறேன். டாக்டர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க நாம் பல் செட் பெட்டிகளை வாங்கும் லேபின் வாசல் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறதே, அது லேபின் பெயர் என்று இருபத்திரண்டு வருடமாக நினைத்திருந்தேன். போன வாரம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்.’ இருபத்திரண்டு வருடமும் அதற்கு நேர் கீழேதான் நிறுத்தியிருக்கிறோம். நீ ஏன் சொல்லவில்லை?

நேற்று உன் பழைய ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருக்கிறது. அன்று வண்டியிலிருந்து நீ விழுந்த வேகத்துக்கு அதில் ஒரு கீறலாவது விழுந்திருக்கக் கூடாதா? முகம் திறந்த ஹெல்மெட், அதனால் எல்லாம் உன் தாடைக்கே போய்விட்டது. டாக்டர்களுக்குப் போகும் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு நீ முகவரி படிப்பாய், உன் குரல் என் காதில் விழ வேண்டும், அதற்காகத்தான் நாம் அதைப் போட்டோம். இனி அந்தக் கவலை இல்லை. பலகை படிக்க எனக்குப் பின்னாலிருந்து குரல் தேவையில்லை. முகம் மூடும் ஹெல்மெட் வாங்கப் போகிறேன்.

உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 17

என்னங்க,

கடிதம் வந்தது. போஸ்ட்மேன் உறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, “இது உங்க வீடுதானாம்மா? மூணு தெரு கேட்டுட்டு வரேன்” என்றார். நான் அழவில்லை. மகள் ஃபோனில் வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள்.

அஞ்சு மாதமாக ஒரு வார்த்தை விடவில்லையே! நான் ஃபோனில் “காலையில எங்க போயிட்டீங்க?” என்று கேட்கும்போதெல்லாம் “நடக்கப் போனேன்” என்றீர்கள். இவ்வளவு நடந்தால் மனுஷர் பாதியாக இளைத்திருப்பாரே என்று நினைத்தேன்.

வாசல் சுவரில் இருப்பதை ஏன் சொல்லவில்லை என்றால், அந்தத் தெருவில் நிழல் அங்கே மட்டும்தான் இருக்கிறது. சொல்லியிருந்தால் நீங்கள் நியாயவானாக வண்டியை வெயிலில் கொண்டுபோய் வைத்திருப்பீர்கள். அப்புறம் சீட்டில் யார் உட்காருவது?

தாடை நன்றாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் பல் செட் கொண்டுபோன எனக்கு ரொட்டியை நனைத்துச் சாப்பிடும் காலம் வந்ததே என்றிருந்தது, இப்போது அது போய்விட்டது. குளிர்ந்த காற்றுப் பட்டால் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது.

பலகை படிக்கக் குரல் தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. உங்களுக்கு மட்டும் ஹெல்மெட் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம். நான் இங்கேயே கொஞ்ச நாள் இருக்கிறேன். மகளுக்கு ஒத்தாசையாக இருக்கும்.

பட்டனைச் சரியாகப் போடுங்கள்.

பிப்ரவரி 28

என் ரேடியோவுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். இரண்டு நாள் படித்தேன். நீ வேகமாக எழுதுகிறாய், எழுத்தெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓடுகிறது. அடுத்த முறை எனக்காக மெதுவாக எழுது.

ஹெல்மெட் கடைக்குப் போனேன். கடை நடத்துவது ஒரு அம்மா. தையல்காரர் மாதிரி கழுத்தில் நாடா தொங்குகிறது. “எந்த மாதிரி வேணும் ஐயா?” என்றார். “என் வீட்டம்மா இன்னொரு தடவை தாடையை உடைச்சுக்காத மாதிரி” என்றேன். மூன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

முதலாவது நம்முடையது போலவே முகம் திறந்தது. “இது தலையைப் பாத்துக்கும். மூக்குக்குக் கீழ நடக்கற எதுக்கும் பொறுப்பில்ல” என்றார். அதை நான் தொடவே இல்லை.

அடுத்ததற்கு மாடுலர் என்று பெயர். ஒரு பொத்தானை அழுத்தினால் தாடைப் பகுதி முழுதும் நெற்றிக்கு மேலே போய்விடுகிறது. நின்ற இடத்தில் தூக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம், பேசலாம். “ஆனா வண்டி ஓடும்போது மூடிப் பூட்டியே இருக்கணும். கொஞ்சம் கனம் கூட, காத்துச் சத்தமும் கூட” என்றார். எனக்குக் கீல் வைத்த பொருள் எதிலும் நம்பிக்கை இல்லை. நம் அலமாரிக் கதவை நான் எத்தனை முறை பழுது பார்த்திருக்கிறேன்?

மூன்றாவது ஃபுல் ஃபேஸ். தாடையும் தலையும் ஒரே ஓடு. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். என் இரண்டு கன்னமும் மூக்குப் பக்கம் வந்து நின்றன. “ஏதாவது பேசுங்க” என்றார். பேசினேன், கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். “அப்ப சரியான அளவு” என்றார்! பிறகு தலையை ஆட்டச் சொன்னார். ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாதாம். கால் மணி நேரம் அதைக் கழற்றாமல் உட்கார வைத்தார். நெற்றியில் எங்காவது குத்தினால் அந்த ஹெல்மெட் எனக்கு ஆகாதாம். நான் உட்கார்ந்தபடியே கடையில் இருந்த எல்லாப் பெட்டிகளையும் படித்து முடித்தேன். எங்கும் குத்தவில்லை.

எனக்கொன்று, உனக்கொன்று வாங்கிவிட்டேன். உன் பழைய ஹெல்மெட்டின் உள்ளே அளவு இருந்தது. அதையும் நானே படித்துச் சொன்னேன். “ஆள் வராம வாங்காதீங்க ஐயா, அவங்க தலையில வெச்சுப் பாக்கணும்” என்று கடைக்காரம்மா மூன்று தடவை சொன்னார். அவருக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும்?

உன்னுடையதை இன்று பார்சலில் அனுப்புகிறேன். முகவரியை நான் எழுதினேன், கவுண்டரில் இருந்தவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போட்டுக்கொண்டு கிளம்பி வா. இனி நீ பெட்டியைப் பார்க்க வேண்டாம், பலகையைப் பார்க்க வேண்டாம், கத்த வேண்டாம். சும்மா பின்னால் உட்கார்ந்து வந்தால் போதும். ராணி மாதிரி.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 8

என்னங்க,

பார்சல் வந்தது. மெதுவாக எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்தேன். தாடைத் திண்டு நேராக அந்தத் தையல் போட்ட இடத்தில் போய் அழுத்துகிறது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியதும் ஆஸ்பத்திரியில் வாயைக் கட்டிப் போட்டிருந்த நாள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கழற்றவும் வரவில்லை. மாப்பிள்ளை ஓடி வந்து வாரை அவிழ்த்துவிட்டார். அவர் முன்னால் எனக்கு அப்படி மூச்சு வாங்கியதே, அதுதான் வெட்கம்.

அதை அலமாரி மேல் வைத்திருக்கிறேன். நல்ல ஹெல்மெட்தான். குறை சொல்லவில்லை.

சும்மா உட்கார்ந்து வர நான் என்ன பல் செட்டா? பெட்டியில் போட்டு, மூடியை மூடி, இறக்க வேண்டிய இடத்தில் இறக்கிவிட? இருபத்திரண்டு வருடம் நான் அந்த சீட்டில் வேலை பார்த்தேன். சவாரி போகவில்லை. படிக்கத் தெரிந்துவிட்டதல்லவா, தனியாகவே போய்க்கொள்ளுங்கள். நான் இனி அந்த வண்டியில் ஏறுவதாக இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 16

என் ரேடியோவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் டீச்சர் ஃபோன் செய்து, “என்னய்யா, லீவ் லெட்டர் எழுதத் தெரியும்ல?” என்று கேட்டார்.

நீ ஏன் ஏற மறுக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஹெல்மெட்டோ திண்டோ காரணம் இல்லை. அன்று அந்த வளைவில் நீ ஏதோ கேட்டாய். காற்றில் சரியாக விழவில்லை. “என்னது?” என்று தலையைத் திருப்பினேன். அந்த ஒரு நொடியில் முன்சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறிவிட்டது. நான் எழுந்து நின்றேன். நீ எழவில்லை. நான் திருப்பாமல் இருந்திருந்தால் உனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதை உன் எதிரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதக் கற்றுக்கொண்டதே இதைச் சொல்லத்தானோ என்னவோ.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போய்க்கொள்ளுங்கள் என்கிறாய். போகிறேன். எப்படிப் போகிறேன் என்று கேள். ஒவ்வொரு பெட்டிக்கும் வண்டியை ஓரம் கட்டி, கையுறையைக் கழற்றி, ஹெல்மெட்டைக் கழற்றி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். பன்னிரண்டு பெட்டிக்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது. நீ இருந்தபோது சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருப்போம். போன வாரம் ஒரு பெட்டியில் தெருவைச் சரியாகப் படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் எண்ணைப் படிக்காமலே போய்விட்டேன். பக்கத்து டாக்டர் பெட்டியைத் திறந்து, நாற்காலியில் இருந்தவரின் வாயில் வைத்துப் பார்த்திருக்கிறார். மேல் வரிசை வெளியே நின்றுகொண்டு வாய் மூடவே வரவில்லையாம். “அண்ணே, இது குதிரைக்கா பண்ணது?” என்று லேபுக்கு ஃபோன். முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எனக்கு நீ வேண்டும். படிக்கத் தெரிந்த பிறகும் வேண்டும்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 24

என்னங்க,

குதிரைப் பல்லைப் படித்துவிட்டு மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு நீங்கள் எழுதியதன் முதல் பாதியை அவளை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். என்னால் பொறுக்க முடியவில்லை. ஆறு மாதமாக நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்று நான் என்ன கேட்டேன் தெரியுமா? “அந்தக் கதவு என்ன கலருங்க?” என்று கேட்டேன். உங்களைத் திரும்ப வைத்தது நான்தான்.

எனக்குக் கண் தெரியவில்லை. அந்த விபத்துக்கு ஒன்றரை வருடம் முன்பிருந்தே பெட்டி மேல் இருக்கும் எழுத்தெல்லாம் கலைந்துவிட்டது. காலையில் லேபில் பெட்டி அடுக்கும்போது அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து, எது யாருடையது என்று கேட்டு மனப்பாடம் செய்துகொள்வேன். தெருப் பலகையும் தெரியாது. நீல கேட், பச்சைக் கதவு, மாடியில் மருந்துக்கடை என்று அடையாளம் வைத்துத்தான் சொன்னேன். படிக்கிற மாதிரி பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். அன்று வெயில் கண்ணில் அடித்தது, அந்தக் கதவின் நிறம் புலப்படவில்லை.

கண் டாக்டரிடம் போயிருக்கலாம். போனால் “கண்ணாடி போட்டும் சரியாகாது” என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். படிக்கத்தானே நான் அந்த சீட்டில் இருந்தேன்? படிக்க முடியாதென்றால் என்னை எதற்கு ஏற்றிக்கொண்டு போவீர்கள் என்று தோன்றியது. அந்தப் பயத்தோடு இங்கே இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது, பின்னாலிருந்து குரல் தேவையில்லை என்று.

இப்போது திட்டுங்கள். கொட்டை எழுத்தில் எழுதித் திட்டுங்கள், அப்போதுதான் எனக்குத் தெரியும்.

மார்ச் 29

என் ரேடியோவுக்கு,

திட்டுவதா? காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன்! முன்னால் இருந்தவனுக்கு எழுத்துத் தெரியாது. பின்னால் இருந்தவளுக்கு எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றரை வருடம் இரண்டு பேரில் ஒருவரும் படிக்காமல் ஊர் முழுக்கப் பல் செட் கொடுத்திருக்கிறோம். ஒன்றுகூட மாறிப் போகவில்லை! படித்துவிட்டுப் போன நான்தான் குதிரைப் பல் கொடுத்தேன்.

உன்னை அந்த சீட்டில் ஏற்றியது படிப்பதற்காக என்று யார் சொன்னது? நமக்குக் கல்யாணமாகி மூன்றாம் நாள் உன்னை ஏற்றினேன். அப்போது லேபும் இல்லை, பெட்டியும் இல்லை.

நாளைக்கே கண் டாக்டரிடம் போ. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. கண்ணாடி போட்டும் சரியாகாது என்றால் அதையும் எழுது. நான் படிக்கிறேன், நீ கதவின் நிறம் சொல்லு. கடைக்காரம்மா சொன்னதைக் கேட்காமல் உன் தலையை அளக்காமலே ஹெல்மெட் வாங்கியதற்கு மன்னித்துவிடு. கால் மணி நேரம் நான் என் தலையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தை ஒரே காலையில் எழுதிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 12

என்னங்க,

கண்ணாடி வந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை கொஞ்சம் ஆரம்பித்திருக்கிறதாம், இப்போதைக்கு அறுவை வேண்டாம், கண்ணாடி போதும் என்றார் கண் டாக்டர். வெளியே வந்ததும் எதிர்க் கடையின் பலகையைச் சத்தம் போட்டுப் படித்தேன். மாப்பிள்ளை, “அத்தை, எல்லாரும் பாக்கறாங்க” என்றார். பார்க்கட்டும்.

அங்கிருந்து நேராக இந்த ஊர் ஹெல்மெட் கடைக்குப் போகச் சொன்னேன். நீங்கள் அனுப்பியதையும் கையில் கொண்டுபோனேன். கண்ணாடி போட்ட முகத்தில் அது இறங்கவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றி, ஹெல்மெட்டை மாட்டி, அப்புறம் இரண்டு காதுக்கும் வழி தேடிக் கண்ணாடியைச் செருக வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வாசலில் யார் இதைச் செய்வது?

மாடுலரை எடுக்கச் சொன்னேன். தாடைப் பகுதியைத் தூக்கிக்கொண்டு தலையில் இறக்கினேன், கண்ணாடியை மாட்டினேன், பிறகு மெதுவாக மூடினேன். பூட்டும்போது ‘டக்’ என்றது. உடனே பொத்தானை அழுத்தித் திறந்தேன். மறுபடி மூடினேன். ஏழெட்டு முறை திறந்து மூடினேன். என் கையால் திறக்கலாம் என்று தெரிந்த பிறகு பயம் போய்விட்டது. கடைக்காரர், “பூட்டு கெட்டியா இருக்கான்னு பாக்கறீங்களாம்மா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கனம் கொஞ்சம் கூடத்தான். கழுத்து பழகிக்கொள்ளும்.

உங்கள் கீல் பயத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஃபுல் ஃபேஸையே போடுங்கள். வண்டி ஓடும்போது நான் பேச மாட்டேன், தோளில் தட்டுவேன். இடது தோள் இடது, வலது தோள் வலது, இரண்டும் சேர்ந்தால் நிறுத்துங்கள். தெருப் பலகையை நீங்கள் படியுங்கள், பெட்டியை நான் படிக்கிறேன். தலையைத் திருப்பினால் முதுகில் ஒன்று வைப்பேன்.

சனிக்கிழமை காலை பஸ். பஸ் ஸ்டாண்டுக்கு நம் வண்டியிலேயே வாருங்கள்.

ஏப்ரல் 19

என் ரேடியோவுக்கு,

நீ பக்கத்து அறையில் தூங்குகிறாய். பயணக் களைப்பு. எழுப்பாமல் எழுதுகிறேன்.

நேற்று நீ பஸ்ஸிலிருந்து ஹெல்மெட்டோடு இறங்கியதை இந்த ஊர் கொஞ்ச நாள் பேசும். ஜன்னல்தோறும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. “கால் மணி நேரம் போட்டுப் பழகணும்னு நீங்கதானே எழுதுனீங்க?” என்றாய். அதைப் பஸ்ஸில் செய்ய வேண்டும் என்று நான் எழுதவில்லை.

வீட்டுக்கு நேராகப் போனால் அந்த வளைவு வரும். அதனால் பெரிய சிக்னலில் வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டு நின்றேன். சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர் அதிகம், பரவாயில்லை என்று நினைத்தேன். நீ இரண்டு தோளிலும் தட்டினாய். நின்றுகொண்டிருக்கும் வண்டியை எப்படி நிறுத்துவது என்று புரியாமல் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். நீ ஹெல்மெட்டின் தாடைப் பகுதியைத் தூக்கிவிட்டு என் காதருகே வந்தாய்.

“எதுக்கு சுத்துறீங்க? நேரா போங்க. அந்த ரோட்டுல நாலு டாக்டர் இருக்காங்க. தினமும் சுத்துனா பெட்டி எப்பப் போய்ச் சேரும்?”

சொல்லிவிட்டு ‘டக்’ என்று மூடிக்கொண்டாய். பச்சை விழுந்துவிட்டது. என் ஹெல்மெட்டில் தூக்குவதற்கு ஒன்றும் இல்லை. உள்ளேயே ஏதோ சொன்னேன், எனக்கே கேட்கவில்லை. இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராகப் போனேன். வளைவில் உன் கை என் சட்டையைப் பிடித்திருந்தது, தட்டவில்லை. நான் தலையைத் திருப்பவில்லை.

அங்கே சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். நான் சுற்றப் பார்த்தது உனக்காக என்று நீ நினைத்திருப்பாய். பயந்தது நான். இரண்டு பக்கமும் காதைத் திண்டு அடைத்திருந்தும் நீ ‘தினமும்’ என்று சொன்னது எனக்குக் கேட்டது. வீடு வரும்வரை நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. வழியில் இருந்த ஒரு பலகையைக்கூடப் படிக்கவில்லை.

இந்தத் தாளை மடித்து உன் ஹெல்மெட்டுக்குள் வைக்கிறேன். நாளைக் காலை மாட்டும்போது கையில் தட்டுப்படும். வாரம் முழுக்க நீ ஒவ்வொரு சிக்னலிலும் திறந்து பேசுவாய், நான் பதில் சொல்வதற்குள் பச்சை விழும். சொல்லாத பதிலெல்லாம் சேர்ந்துவிடும். அடுத்த ஞாயிறு உட்கார்ந்து எழுதுகிறேன், அதே இடத்தில் பார்.

உன் வீட்டுக்காரன்